பேசும் படத்துக்கு நூறு வயது ஆகுமுன்: திரைச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்த் திரையுலகின் வர்த்தக சபை, தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் சங்கங்களின் பொறுப்பாளர்கள்

அன்புடையீர்,

வணக்கம். 1931 அக்டோபர் 31-ஆம் தேதி சென்னையில் கினிமா சென்ட்ரல் கொட்டகையில் ‘காளிதாஸ்’ வெளியானது. தமிழ் பேசிய முதல் படம். 2031-ல் அதற்கு நூறு வயது நிறைகிறது. நிச்சயம் விழா எடுப்பீர்கள், எடுக்கவும் வேண்டும். இந்திய சினிமாவின் நூற்றாண்டு விழா 2013-ல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நான்கு நாள் நடந்ததே, அதைவிடப் பெரிதாகவே எடுப்பீர்கள். அரசும் உதவும். அந்த விழாவைப் பற்றிய பேச்சு தொடங்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மேடைக்கும் பந்தலுக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், அந்தப் படத்தின் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி செய்த வேலையில் என்னென்ன மிஞ்சியிருக்கிறதோ அதையெல்லாம் தேடிச் சேர்க்க ஆள் போடுங்கள். அதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி கிடையாது. அவர் எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்த ‘மிஸ் கமலா’வின் பிரதியும் கிடையாது. தமிழில் முதலில் பேசிய கதாநாயகியை, தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநரை, அந்த இரண்டு படங்களிலும் நாம் பார்க்க முடியாது. நம்மிடம் இருப்பவை சில புகைப்படங்கள், பாட்டுப் புத்தகங்கள், பத்திரிகை விளம்பரங்கள், கொஞ்சம் செவிவழிச் செய்தி. இவையும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன.

அவர் யார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனாலும் ‘முதல் கதாநாயகி’ என்ற இரண்டு சொல்லோடு அவரை முடித்துவிடுகிறோம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

திருவையாற்றில் 1911-ல் பிறந்தவர். சாஸ்திரிகள் குடும்பம். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் செய்து வைத்தார்கள். அது நிலைக்கவில்லை, பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். தகப்பனாரும் போய்ச் சேர, தாயும் மகளும் பிழைப்புக்காகத் திருச்சிக்கு வந்தார்கள். அங்கே சி.எஸ். சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அந்தப் பெண்ணின் திறமையைக் கண்டு ஊக்கம் கொடுத்தார் என்பார்கள்.

அந்த முடிவு எவ்வளவு துணிச்சலானது என்பதை இன்று நினைத்துப் பார்ப்பது கஷ்டம். பையன்களை வைத்தே நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் என்ற பெண் வேஷத்தையும் பையன்களே கட்டிய காலம் அது. மேடைக்கு வந்த பெண்களும் பெரும்பாலும் இசையையும் ஆட்டத்தையும் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கும்பகோணம் பாலாமணி பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தி ஊரையே கட்டிப்போட்டார். அப்படியொரு முன்னோடி இருந்தும், வைதீகக் குடும்பத்துப் பெண் அரிதாரம் பூசுவதை அந்தச் சமூகம் ஏற்கவில்லை. கணவன் வீடு இல்லை என்றான பெண் மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே அன்றைய சட்டம். ராஜலட்சுமி மூலையில் உட்காரவில்லை. ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஜனங்களுக்கு முன்னால் போய் நின்று பாடினார்.

மைக் இல்லாத மேடை என்பதையும் மறந்துவிடக் கூடாது. தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வார்த்தை விளங்க வேண்டும். அதற்காகவே அந்தத் தலைமுறை நடிகர்கள் உச்சக் கட்டையில் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் ‘ஒன்ஸ் மோர்’ என்று சத்தம் வரும். அப்புறம் மறுபடியும் பாட வேண்டும். நடிப்பு, பாட்டு, எதிரே நிற்பவரோடு அந்த நேரத்திலேயே கட்டிப் பேசும் தர்க்கம், எல்லாம் ஒரே ஆளிடம் இருந்தால்தான், பல ஊர் நடிகர்கள் ஒரு நாளைக்கு மட்டும் கூடி ஆடும் ஸ்பெஷல் நாடகத்தில் நிற்க முடியும். இந்தப் பட்டறையில் தேறியவர்களைத்தான் பேசும் படம் வந்தபோது தேடி அழைத்தார்கள்.

அதற்கு முன்பே பேசாப் படத்துக்கு வந்துவிட்டார் ராஜலட்சுமி. 1929-ல் ‘கோவலன்’, அடுத்து ‘உஷா சுந்தரி’, ‘ராஜேஸ்வரி’. குரலால் வளர்ந்த ஒரு நடிகை, குரலே இல்லாத திரையில் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்தார்? பார்க்க வழியில்லை.

1931 மார்ச் 14-ஆம் தேதி பம்பாயில் இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ வெளியானது. அதைத் தயாரித்த ஆர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிதான் அதே ஆண்டில் ‘காளிதாஸ்’ படத்தையும் எடுத்தது. இயக்கியவர் எச்.எம். ரெட்டி. மந்திரியின் சூழ்ச்சியால் ஆடு மாடு மேய்க்கும் ஒருவனுக்கு மனைவியாகிவிடும் இளவரசி வித்யாதரியாக நடித்தார் ராஜலட்சுமி. அவர் தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். பாட்டு ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். மதுரகவி பாஸ்கரதாஸின் தேசபக்திப் பாட்டு உண்டு, காந்தியின் ராட்டினத்தைப் பாடும் பாட்டும் உண்டு. காளிதாசன் கதையில் காந்தி எப்படி வந்தார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நாடக மேடையில் அதுதான் வழக்கம். வேஷம் எதுவானாலும் நடுவில் நாட்டுக்காக ஒரு பாட்டு வந்துவிடும். அந்த வழக்கம் நேராகத் திரைக்குள் நுழைந்ததற்கு முதல் சாட்சி இந்தப் படம்.

எனக்கு இன்னொன்றும் முக்கியமாகப் படுகிறது. அதே படத்தில் தியாகராஜ கீர்த்தனைகளும் இருந்தன. தியாகையர் வாழ்ந்து சமாதியான ஊரில் பிறந்த பெண்ணை நாயகியாகக் கொண்ட படத்தில், பம்பாயில் ஒரு பார்சிக்காரரின் ஸ்டுடியோவில், தியாகையரின் கீர்த்தனை ஒலித்திருக்கிறது. அங்கே ராஜலட்சுமி நின்று பாடிய விதத்தை எண்ணிப் பாருங்கள். பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடே அப்போது கிடையாது. காமிரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும். ஹார்மோனியமும் தபலாவும் காமிராவின் கண்ணில் படாத ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். ஒலிவாங்கி தலைக்கு மேலே எங்கேயோ தொங்கும். முகத்தை இப்படித் திருப்பினால் சத்தம் குறையும், அப்படித் திருப்பினால் வெளிச்சம் போய்விடும். கொட்டகையின் கோடி வரை குரலை எறிந்து பழகிய ஒருவர் அதை அடக்கி அந்தக் கருவிக்குக் கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எந்தத் தமிழ் நடிகைக்கும் அதற்கு முன் அந்த வேலை இருந்ததில்லை. சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை.

சென்னையில் அப்போது பேசும் படம் எடுக்கும் ஸ்டுடியோவே இல்லை. 1934-ல்தான் ஏ. நாராயணன் சீனிவாசா சினிடோனைத் தொடங்கினார். (அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி. அந்த அம்மையாரைப் பற்றியும் யாராவது உங்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.) அதுவரை நடிகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், சமையல்காரர் எல்லாரும் மூட்டை முடிச்சோடு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேறினார்கள். ராஜலட்சுமி வள்ளியாக நடித்து 1933-ல் வந்து நன்றாக ஓடிய ‘வள்ளி திருமணம்’ கல்கத்தாவின் பயோனியர் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த படம். அதற்குப் பணம் போட்டவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டி வளர்ந்தவர். அடுத்து ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லலிதாங்கி’ என்று வரிசையாக வந்தன. ‘சினிமா ராணி’ என்று ஜனங்கள் பட்டம் கொடுத்தார்கள்.

அந்த உயரத்தில் இருந்தவர் 1936-ல் ‘மிஸ் கமலா’வை எடுத்தார். கதை, அவரே எழுதிய ‘கமலவல்லி’ நாவல். ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்று சொந்தக் கம்பெனி. இயக்கமும் அவரே. வயது இருபத்தைந்து. ஃபாத்மா பேகம் பத்தாண்டு முன்னால் பம்பாயில் இயக்குநராகியிருந்தார் என்பது உண்மை. ஆனால் தெற்கே ராஜலட்சுமிக்கு முன் யாரும் இல்லை, அவருக்குப் பின்னும் வெகுகாலம் ஒன்றிரண்டு பேர்தான். புராணப் படத்துக்கே கூட்டம் வந்த நாளில், பட்டுப் புடவையும் கிரீடமுமாகத் தன்னை ஏற்றுக்கொண்ட ரசிகர்களுக்கு முன்னால் தன் காலத்துக் கதை ஒன்றைச் சொந்தப் பணத்தில் வைத்திருக்கிறார். 1939-ல் ‘மதுரை வீரன்’ படத்தையும் அவரே இயக்கினார். இடையில் 1938-ல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் யசோதையாக நடித்தார். சிறுவன் டி.ஆர். மகாலிங்கம் கிருஷ்ணனாக அறிமுகமான படம் அது. இன்னொருவர் பாட ஒருவர் வாயசைக்கும் வழக்கம் தமிழில் தலைகாட்டியதும் அந்தப் படத்தில்தான். ஆக, நேரடியாகப் பாடிய முதல் தலைமுறையின் முதல் ஆள், பின்னணிப் பாட்டு பிறந்த இடத்திலும் இருந்திருக்கிறார்.

பிறகு படங்கள் குறைந்தன. 1961-ல் கலைமாமணி விருது வந்தது. 1964-ல் காலமானார். அதே 1964-ல்தான் புனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. பி.கே. நாயர் அங்கே இருந்துகொண்டு பெட்டி பெட்டியாகப் பழைய படச்சுருளைச் சேர்க்கத் தொடங்கியபோது, ராஜலட்சுமி காலத்துத் தமிழ்ப் படங்களில் மிகப் பெரும்பாலானவை போய்விட்டன.

எப்படிப் போயின என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட். நம் ஊர் வெயிலில் கிடங்கில் கிடந்தால் முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். தப்பியதை, ஓடி முடிந்த படத்தை வைத்து என்ன செய்வது என்று, அதிலிருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். அன்று ஒரு படத்தை மறுபடி காட்ட வேறு வழியே இல்லாததால், ஓடி முடிந்த பிரதி முதலாளிக்குச் செத்த சரக்கு. அவர்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

தேடினால் கிடைக்குமா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ‘மார்த்தாண்ட வர்மா’. 1933-ல் நாகர்கோவில் பக்கத்தவர்கள் தயாரித்த பேசாப் படம். அதை இயக்கிய பி.வி. ராவ்தான் ‘வள்ளி திருமணம்’ படத்தையும் இயக்கினார். படத்துக்கு மூலமான நாவலின் உரிமை திருவனந்தபுரத்தில் கமலாலயா புத்தகக் கடையிடம் இருந்தது. வழக்கு வந்தது, படம் முடங்கியது. படச்சுருள் அந்தப் புத்தகக் கடைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்து அங்கேயே கிடந்தது. 1974-ல் புனாக் காப்பகம் அதைக் கைப்பற்றியது. தென்னிந்தியப் பேசாப் படங்களில் இன்று பெருமளவு பார்க்கக் கிடைப்பது அது ஒன்றுதான். ஊர் ஊராக ஓடிய படங்கள் அழிந்தன, ஓட முடியாமல் மாட்டிக்கொண்ட படம் பிழைத்தது. ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் தொலைந்த காட்சிகள் எண்பது வருஷம் கழித்து, 2008-ல், ஜெர்மனியை விட்டுக் கடல் தாண்டி அர்ஜென்டினாவில் ஒரு அருங்காட்சியகத்தில் கிடைத்ததையும் அறிவீர்கள்.

தமிழ்ப் படமும் கடல் தாண்டியது. முப்பதுகளில் இலங்கை, மலாயா, சிங்கப்பூர், பர்மா எல்லாம் தமிழ்ப் படத்துக்கு நல்ல சந்தை. யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் பழைய கொட்டகை வைத்திருந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களிடம் யார் போய்க் கேட்டார்கள்? உங்கள் சங்கங்களின் பெயரில் அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் கொடுங்கள். ‘1931 முதல் 1940 வரை வந்த தமிழ்ப் படச்சுருள், எந்த நிலையில் இருந்தாலும், தயவுசெய்து தெரிவிக்கவும்’ என்று நாலு வரி போதும். சுருளைத் தாங்களே திறக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் சேர்த்துப் போடுங்கள். தனி ஆள் கேட்டால் யாரும் பரணில் ஏறிப் பார்க்க மாட்டார்கள். சினிமா சங்கம் கேட்கிறது என்றால் பார்ப்பார்கள். உலகத் திரைப்படக் காப்பகங்களுக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. அதன் வழியாக மற்ற நாட்டுக் காப்பகங்களுக்கும் பட்டியல் அனுப்ப முடியும்.

படமே கிடைக்காது என்று வைத்துக்கொண்டாலும் வேலை முடிந்துவிடாது. கொஞ்சம் நிதானமாகப் பாட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் குப்பை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற மெல்லிய புத்தகம். மட்டமான காகிதம், மடித்தால் ஒடிந்துவிடும். முதல் பக்கத்தில் நடிகர்கள் பெயரும் பாத்திரங்களும். உள்ளே கதைச் சுருக்கம், சுவாரசியமான கட்டத்தில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்கள். பிறகு ஒவ்வொரு பாட்டும், மேலே ராகமும் தாளமும், யார் பாடுவது என்பதும். சில சமயம் எந்த மெட்டில் என்றும் போட்டிருக்கும். பின்னட்டையில் சோப்போ தைலமோ விளம்பரம். தொலைந்த ஒரு படத்தில் எத்தனை பாட்டு, எந்தச் சூழலில், யாருக்கு எவ்வளவு என்பதை வேறு எதிலிருந்தும் நாம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்துகொள்ள முடியாது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இவற்றையும் நாடக நோட்டீஸ்களையும் பாதுகாத்து வருகிறது. அவர்கள் கைக்கு வராதவை தனி மனிதர்களின் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. பெட்டிக்குச் சொந்தக்காரர்கள் மூப்பில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது பழைய பேப்பர்.

இசைத்தட்டும் அப்படித்தான். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று சுற்றும் அரக்குத் தட்டு கீழே விழுந்தால் போச்சு. அந்தக் கால நாடக மேடையின் குரல் நமக்குக் கேட்கிறது என்றால் அதில்தான்.

அரசு ஏடுகளையும் யாராவது உட்கார்ந்து புரட்ட வேண்டும். 1918 சட்டத்தின் கீழ் சென்னையில் போலீஸ் கமிஷனர் தலைமையில் தணிக்கைக் குழு இருந்தது. எந்தப் படம் எவ்வளவு நீளம், எதை வெட்டச் சொன்னார்கள் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் வரும் செய்திகள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்து பழகிய ஆராய்ச்சி மாணவர் இருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். ‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ இரண்டைப் பற்றியும் அரசாங்கத் தாளிலும், ‘சுதேசமித்திரன்’, ‘ஆனந்த விகடன்’ போன்ற பத்திரிகைகளிலும் இருக்கும் ஒவ்வொரு வரியையும் அவர்கள் எடுத்துத் தரட்டும். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனி ஆளாக ஆயுள் முழுக்கக் குறிப்பு எடுத்தார். தியடோர் பாஸ்கரன் தனி ஆளாகக் காப்பகங்களில் உட்கார்ந்து எழுதினார். ராண்டார் கை என்ற எழுத்தாளரும் அப்படியே. இந்த மூவர் செய்த வேலையை எடுத்துவிட்டால், தமிழ் சினிமாவின் முதல் பத்தாண்டைப் பற்றி நம்மிடம் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். இவ்வளவு பெரிய தொழில் தன் ஆரம்பத்தைத் தெரிந்துகொள்வதைத் தனி மனிதர்களின் பிரியத்துக்கு விட்டுவைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இயக்குநர் சங்கத்தாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உதவி இயக்குநராக வரும் பெண்கள் இன்று நிறைய. ‘உனக்கு எதற்கும்மா டைரக்‌ஷன்’ என்று அவர்களிடம் இன்னமும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1936-லேயே இங்கே ஒரு பெண் கிளாப் அடிக்கச் சொல்லிவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். வெறும் பெயராகத் தெரிந்தால் போதாது. ‘மிஸ் கமலா’வின் கதை என்ன, அதை அவர் எப்படி அமைத்தார், பத்திரிகைகள் என்ன சொல்லின, பணம் திரும்பியதா, எல்லாமே தெரிய வேண்டும். கிடைக்கும் பாட்டுப் புத்தகம், நாவல், விமரிசனம், புகைப்படம் இவற்றை ஒன்றாக வைத்து ஒரு புத்தகம் போடுங்கள். தரமணி திரைப்படக் கல்லூரி மாணவர்கள் அதிலிருந்து ஒரு காட்சியையாவது எடுத்துப் பார்க்கட்டும். 2036-ல் அந்தப் படத்துக்கும் நூறு வயது.

நடிகர் சங்கத்தாருக்கு: பழைய நடிகர்களின் குடும்பங்களோடு உங்களுக்கு இருக்கும் உறவு வேறு யாருக்கும் இல்லை. நீங்கள் போய் நின்றால் கதவு திறக்கும். போகும்போது அசலை வாங்கி வராதீர்கள். பெட்டியை அங்கேயே திறந்து, அங்கேயே படம் எடுத்து, திரும்ப வைத்துவிட்டு வாருங்கள். கண்காட்சிக்கு என்று வாங்கிப்போன பொருள் திரும்பாத கதை பல குடும்பங்களில் இருக்கிறது. அந்தப் பயம் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு நடுத்தரப் படத்தின் விளம்பரச் செலவுக்குள் அடங்கிவிடும் என்று நம்புகிறேன். கணக்குப் போட்டுப் பார்க்க உங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். மூன்று சங்கங்களும் சேர்ந்து ஐந்து பேர் கொண்ட குழு போடுங்கள். அதில் ஒருவராவது படச்சுருள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவராக, ஒருவராவது நூலகராக இருக்கட்டும். கிடைப்பதை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிடுங்கள்.

என்னிடம் முப்பதுகளைச் சேர்ந்த பாட்டுப் புத்தகங்கள் கொஞ்சம் இருக்கின்றன. குழு அமைந்த அன்றே அவற்றை ஸ்கேன் செய்யக் கொண்டுவந்து தருகிறேன். என்னைப் போலப் பழைய பேப்பர் கடைகளில் தேடித் திரிபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டி வருகிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
பழைய தமிழ்ப் படங்களின் ரசிகன்